மாமியின் நீலப்பூச் செடி



நீலகிரிக்குச் சுற்றுலா வந்து திரும்பியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மலைப்பாதையின் வளைவுகளிலும், பழைய பங்களாக்களின் வேலியோரங்களிலும், குழந்தையின் தலையளவு பருமனில் நீலப்பூக் கொத்துகள் பாரம் தாங்காமல் சாய்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வண்டியோட்டியிடம் கேட்டிருந்தால், "அது ஊட்டிப் பூங்க" என்று கூறிவிட்டு அடுத்த வளைவில் திருப்பியிருப்பார். ஹைட்ரேஞ்சியா என்பதே அதன் பெயர். இக்கட்டுரை அப்பூவின் அழகைப் புகழ எழுந்ததன்று. எங்கள் குன்னூர் வீட்டுக் கொல்லையில் நின்ற அத்தகைய செடியொன்றை, நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டு என் கைகளாலேயே நான் ஏறத்தாழச் சாகடித்த வரலாறும், அது பிழைத்தெழுந்த வரலாறுமே இதில் உள்ளன.

அந்தச் செடி என்னுடையதன்று, என் மாமியாருடையது. என் மாமனார் தேயிலை எஸ்டேட் ஒன்றின் அலுவலகத்தில் கணக்கராக இருந்தவர். 1962 ஆம் ஆண்டு, இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த வாரத்தில், துரை பங்களாத் தோட்டக்காரர் ஒடித்துக் கொடுத்த நான்கு குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வந்தாராம். மூன்று பட்டுப்போயின. நான்காவது, சமையலறைச் சன்னலுக்கு நேரே வேர் பிடித்தது. 1984 இல் நான் மருமகளாக மலையேறி வந்தபோது அது என் தோளுயரம் வளர்ந்து, வைகாசி ஆனி மாதங்களில் அறுபது எழுபது கொத்துகள் சூடி நின்றது. மாமனார் 1987 இல் காலமானார். அதன்பின் மாமி அச்செடியை வேறு யார் கையிலும் ஒப்படைக்கவில்லை. 'நீலப்பூச் செடி' என்பதே வீட்டில் அதற்கு வழங்கிய பெயர். ஹைட்ரேஞ்சியா என்று சொன்னால் மாமிக்குப் புரியாது. புரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இருந்ததில்லை.

இந்நிலையில்தான் 2009 நவம்பர் மழை வந்தது. நீலகிரி மக்கள் எவரும் அந்த மழையை மறந்திருக்க இயலாது. மலைச்சரிவுகள் பெயர்ந்து சாலைகள் அறுந்தன. உயிர்கள் பல போயின. எங்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்து லில்லாஹ். கொல்லைத் தடுப்புச் சுவர் சரிந்தது. அதனோடு மேற்கே நின்ற பெரிய சில்வர் ஓக் மரமும் வேரோடு சாய்ந்தது. நீலப்பூச் செடியோ மூன்று முழம் தள்ளி, சேறு தெறித்ததோடு தப்பியது. அடுத்த இரண்டு மாதங்களில் சிமென்ட்டுச் சுவர் எழுப்பினோம். வேலை முடித்துச் சென்ற ஆட்கள் மிச்சமான கலவையையும், பழைய சுவரின் சுண்ணாம்புக் காரைக் கட்டிகளையும் அங்கேயே பள்ளத்தில் தள்ளி, மேலே மண்ணை இழுத்து மூடிச் சமன் செய்துவிட்டுப் போனார்கள். பார்வைக்குக் கொல்லை சுத்தமாக இருந்தது. நாங்களும் மகிழ்ந்தோம்!

2010 கோடையில் பூத்த கொத்துகள் சிறுத்திருந்தன. அவற்றின் நிறம் நீலமுமன்று, வெளுத்த இளஞ்சிவப்பு. மாமி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இது என்னம்மா, வேற செடியா மாறிப்போச்சு?" என்றார். அந்த ஆண்டின் நடுவில் அவர் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் கைப்பிடிச் சட்டத்தை ஊன்றி நடக்க முடிந்ததே தவிர, கொல்லைப் படிகளில் இறங்க முடியவில்லை. சமையலறைச் சன்னலருகே ஒரு நாற்காலி போட்டோம். அதில் அமர்ந்து செடியைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருடைய பகற்பொழுதாயிற்று. செடி என் பொறுப்புக்கு வந்தது.

வாசகர்களே, நான் சோம்பேறியல்லள். எங்கள் வீட்டு ரோஜாக்கள் அக்கம்பக்கத்தில் பெயர் பெற்றவை. ரோஜாவுக்குச் செய்த அத்தனை உபசாரங்களையும் இதற்கும் செய்தேன். வெந்நீர் அடுப்புச் சாம்பலை வாரந்தோறும் தூவினேன். முட்டை ஓடுகளை நொறுக்கிப் போட்டேன். எலும்புத் தூள் வாங்கி வந்து வேரைச் சுற்றிப் புதைத்தேன். இலை மஞ்சளித்தபோது யூரியா இட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, 2011 சனவரியில் ரோஜாவைக் கவாத்து செய்வதுபோல இதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். கத்திரிக்கோலோடு நான் இறங்கியபோது சன்னலிலிருந்து மாமியின் குரல் கேட்டது.

"அதை வெட்டாதே புள்ளே."

மாமா வைத்த செடி என்னும் பாசத்தால் சொல்கிறார் என்று எண்ணினேன். "வெட்டினாத்தான் மாமி துளிர்க்கும்" என்று சொல்லி வெட்டி முடித்தேன். அவர் மறுமொழி கூறவில்லை.

துளிர்க்கவும் செய்தது. இலைகள் மட்டும்! அவையும் ஆரோக்கியமானவையல்ல, நரம்புகள் பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி எலுமிச்சை மஞ்சளாகவும் இருந்தன. பிற்பகல் வெயிலில் செடி முழுவதும் துவண்டு தொங்கும். அவ்வாண்டு ஒரு பூவும் இல்லை. 2012 சனவரியில் இன்னும் ஆழமாக வெட்டினேன். அவ்வாண்டும் இல்லை. இதற்கிடையே 2011 ஹஜ்ஜுப் பெருநாளுக்காக வாங்கிக் கட்டியிருந்த குர்பானி ஆடு, கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அதன் இலையைக் கடித்துவிட்டது. சன்னலிலிருந்து மாமி போட்ட சத்தத்தில் தெருவே கூடிற்று. ஆட்டுக்கு இரங்கியா, செடிக்கு இரங்கியா என்று என் கணவர் கேலி செய்தார். ஹைட்ரேஞ்சியாவின் இலையும் மொட்டும் ஆடுமாடுகளுக்கும் மனிதர்க்கும் நஞ்சு என்பதை நான் பின்னாளில்தான் அறிந்தேன். குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள வீட்டார் இதை நினைவில் வைப்பது நல்லது.

என் மகன், "இந்தக் குச்சிக் கூட்டத்தை எடுத்துவிட்டால் அங்கே கார் நிறுத்தலாம்" என்று கூறத் தொடங்கினான். மாமி எவரையும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் அவர் கையில் செழித்த செடி, என் கைக்கு வந்து இரண்டே ஆண்டுகளில் குச்சியாகி நின்றது. அவரோ நாள்தோறும் அதன் எதிரே அமர்ந்திருந்தார். நான் அடுப்பருகே நிற்கும்போது அவருடைய பார்வை சன்னலுக்கு வெளியே இருக்கும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் சமைத்திருப்பேன்!

அரசுப் பூங்காவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு மேலே வசித்தார். 2012 நவம்பரில் ஒரு நாள் அவரை அழைத்து வந்தோம். அவர் செடியை அதிகம் பார்க்கவில்லை, மண்ணைத்தான் பார்த்தார். ஒரு சாண் ஆழம் கையால் தோண்டினார். காரைக் கட்டிகள் வந்தன. "வீட்டில் வினிகர் இருக்குங்களா?" என்று கேட்டார். கொண்டு வந்து கொடுத்தேன். ஒரு பிடி மண்ணின்மேல் அதை ஊற்றியதும், சோடாவைத் திறந்தாற்போல நுரைத்துப் பொங்கியது. மண்ணில் சுண்ணாம்பு இருப்பதற்கு அதுவே சாட்சி என்றார். நான் இட்ட உரங்களின் பட்டியலை ஒன்றுவிடாமல் ஒப்புவித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"நீங்க இதுக்குச் சோறு போடலைங்கம்மா, வெள்ளையடிச்சிருக்கீங்க!"

அவர் சொன்னதையும் அதன்பின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குக் கூறுகிறேன். இதன் பிறப்பிடம் ஜப்பான். 1823 இல் நாகசாகிக்கு வந்து 1829 இல் அந்நாட்டாரால் வெளியேற்றப்பட்ட சீபோல்ட் என்னும் ஜெர்மானிய மருத்துவர், தாம் பிரிந்து வர நேர்ந்த ஜப்பானியத் துணைவியின் பெயரை இச்செடியின் ஒரு வகைக்குச் சூட்டினார் என்பர். இதை மாமியிடம் சொன்னபோது, "நம்ம வீட்டுல பேரு வைக்கலே, செடியைத்தான் கொண்டாந்தாரு" என்றார்.

நாம் இதழ்கள் என்று கருதுபவை உண்மையில் இதழ்களல்ல, நிறமேறிய புல்லிகள். அவற்றிலுள்ள நிறமி ஒன்றே. அதனோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் இளஞ்சிவப்பு. அலுமினியம் பெரும்பாலான மண்ணில் இருக்கிறது. ஆயினும் மண் புளிப்பாக, அதாவது அமிலத்தன்மையுடன் இருந்தால்தான் அது கரைந்து வேருக்குள் ஏறும். மண்ணின் பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நீலம் நன்கு பிடிக்கும், 6.5 ஐத் தாண்டினால் இளஞ்சிவப்புதான். இடைப்பட்டால் ஊதாக் கலவை. நீலகிரி மண் இயல்பிலேயே அமில மண். தேயிலை இங்கு செழிப்பதும் அதனாலேதான். மாமனார் நட்ட குச்சி எவ்வித முயற்சியும் இன்றி நீலமாகப் பூத்ததன் இரகசியம் இதுவே. சிமென்ட்டும் சுண்ணாம்பும் அந்தப் புளிப்பைக் கொன்றுவிட்டன. என் சாம்பல் அதற்குத் துணை நின்றது. முட்டை ஓடும் சுண்ணாம்பே. எலும்புத் தூளிலுள்ள பாஸ்பரஸ், எஞ்சியிருந்த அலுமினியத்தையும் கட்டிப்போட்டது. காரமான மண்ணில் இரும்புச் சத்தும் கரைவதில்லை. ஆகவேதான் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் தோன்றின. நான் இட்ட யூரியாவோ இலையை மட்டுமே தூண்டிற்று.

இவை அனைத்தையும் கேட்டுக்கொண்டேன். அடுத்து அவர் செய்ததுதான் என்னை நிலைகுலையச் செய்தது. ஒரு தண்டின் நுனியிலிருந்த பருத்த மொட்டைக் கிள்ளி, பேனாக்கத்தியால் நீளவாக்கில் பிளந்தார். என் கணவரின் பூதக்கண்ணாடியைக் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னார். கடுகிலும் சிறிய பச்சை மணிகள் கொத்தாகத் தெரிந்தன. அடுத்த கோடையில் மலர வேண்டிய பூ! அது அப்போதே உருவாகி அதற்குள் உறங்கிக்கொண்டிருந்தது. ரோஜா புதுத்தளிரில் பூக்கும், ஆகவே வெட்டலாம். இவ்வகை ஹைட்ரேஞ்சியாவோ சென்ற ஆண்டுத் தண்டின் நுனியில் பூக்கும். சனவரியில் நான் வெட்டி எறிந்தவை வெறுங்குச்சிகளல்ல. அவ்வாண்டின் பூக்கள் அத்தனையும்.

அவர் சென்றபின் உள்ளே வந்தேன். மாமி சன்னலருகே இருந்தார். மாமி, நீங்கள் வெட்டாதே என்று சொன்னீர்களே, ஏன் என்று காரணம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "எனக்குக் காரணம் எங்கே தெரியும்? பூ வாடினா அந்தத் தலையை மட்டும் கிள்ளுவேன். உங்க மாமா அப்படித்தான் செய்வாரு" என்றார். சற்று நேரம் கழித்து, "நீ படிச்ச புள்ள. உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்" என்றார். அதில் குத்தல் ஏதுமில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுவாரமே வேலையைத் தொடங்கினோம். செடியை இடம் மாற்றவில்லை. ஐம்பது வயதுச் செடியைப் பெயர்ப்பது உசிதமன்று என்று பெரியவர் தடுத்துவிட்டார். தண்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி வட்டமாகத் தோண்டி, காரையையும் கலவைக் கட்டியையும் கூடை கூடையாக வெளியேற்றினோம். வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்திருப்பதால் மண்வெட்டியை விடுத்து, கைக்கொத்தால் பதமாகக் கிளறவேண்டியிருந்தது. எல்லாம் வேண்டா என்ற மகனே பதினேழு கூடைகள் சுமந்தான்! குழியை, உறவினர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்து ஓரத்துச் செம்மண்ணும் மக்கிய இலையுரமும் கலந்து நிரப்பினோம். மேலே நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகு பரப்பினோம். சருகு தண்டைத் தொடாமல் இருத்தல் வேண்டும், தொட்டால் அழுகும்.

நிழல் அடுத்த தேவை. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் இச்செடிக்கு உகந்தவை. சில்வர் ஓக் விழுந்ததால் மேற்கு வெயில் நேராக அடித்தது. புதிதாக மரம் வளர்க்க யாருக்குப் பொறுமை? விரைந்து வளரும் மரத்தக்காளிக் கன்றுகள் இரண்டை மேற்கே நட்டோம். அவை தலையெடுக்கும் வரை ஒரு பச்சை வலையைக் கட்டினோம். மாமிக்குச் சன்னல் காட்சி மறையாதபடி வலையை மூன்று முறை மாற்றிக் கட்ட நேர்ந்தது தனிக்கதை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலை பிற்பகலில் துவள்வதைக் கண்டதும் நான் ஓடிப்போய் ஊற்றுவது வழக்கம். அது தவறு. மாலையில் தானாக நிமிர்ந்தால் அதற்குத் தாகமில்லை. வெயில் மிகுதி என்றே பொருள். காலையிலும் துவண்டிருந்தால்தான் தண்ணீர் கேட்கிறது. வாரம் இருமுறை, வேர் நனைய நிறைய ஊற்றுவது நாள்தோறும் தெளிப்பதைவிட மேலானது. மாமி நாற்காலியில் அமர்ந்தபடியே ஒளுச் செய்ய ஒரு அகன்ற பாத்திரம் வைத்திருந்தோம். சோப்புப் படாத அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும்படி அவரே கூறினார். அன்றாடம் ஐந்து வேளையும் சேர்ந்து ஒரு வாளிக்குக் குறையாது. அதைச் சேர்த்துவைத்துக் காலையில் ஊற்றுவேன். கொல்லையில் இறங்க இயலாதவர் அந்த வகையில் மறுபடியும் தம் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

நிறத்துக்காக, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தைப் பயன்படுத்தினோம். அதில் அலுமினியம் உண்டு. பொடித்து, ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து, முதலில் வெறுந்தண்ணீரால் மண்ணை நனைத்துவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாசி முதல் சித்திரை வரை ஊற்றினோம். இளங்கன்றுகளுக்கு இது வேண்டா. மிகுதியாக ஊற்றினால் வேர் கருகும். என்னைப் போன்ற ஆர்வக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க!

2013 சனவரியில் கத்திரிக்கோலை எடுக்கவேயில்லை. பட்டுப்போன கிழத்தண்டுகள் இரண்டை மட்டும் பெரியவர் அடியோடு அறுத்தார். பங்குனியில் வந்த இலைகள் பச்சையாக இருந்தன. ஆனியில் ஐந்து கொத்துகள் பூத்தன. அவற்றின் நிறம் நீலமன்று. கத்தரிப்பூவைப் போன்ற மங்கிய ஊதா. ஒரு கொத்தைக் கொய்து கொண்டுபோய் மாமியின் மடியில் வைத்தேன். இரு கைகளாலும் ஏந்திப் பார்த்தார்.

"நீலமாப் பூத்திருக்கு, பாத்தியா?" என்றார்.

அவருடைய கண்கள் தெளிவாக இருந்தன. முந்திய ஆண்டுதான் புரை நீக்கியிருந்தோம். "ஆமாம் மாமி, நீலந்தான்" என்றேன்.

2014 சனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் மாமி மௌத்தானார்கள். அவ்வாண்டு ஆனியில் பூத்த பூக்கள், நான் 1984 இல் மணப்பெண்ணாக வந்து பார்த்த அதே நீலம். இருபத்திரண்டு கொத்துகள். எண்ணினேன்.

சமவெளியில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்கு வரும்போது நாற்றங்காலில் பூத்து நிற்கும் ஹைட்ரேஞ்சியாத் தொட்டியைக் கண்டு மயங்கி, காயல்பட்டினத்துக்கோ கீழக்கரைக்கோ வாங்கிச் செல்லாதீர்கள். கடற்கரை வெக்கையும் உப்பு நீரும் அதற்கு ஆகா. சில வாரங்களில் கருகும். நீங்கள் உங்களையே நொந்துகொள்வீர்கள். ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறை போன்ற இடங்களில் உறவினர் இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள். பூ முடிந்தபின், பூக்காத இளந்தண்டில் இரண்டு கணு உள்ள துண்டை நறுக்கி, கீழ் இலைகளை நீக்கி, மேல் இலைகளைப் பாதியாக வெட்டி, ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்தால் ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் வேர் விடும். எங்கள் செடியின் பிள்ளைகள் இன்று இத்தெருவில் ஏழு வீடுகளில் நிற்கின்றன. என் மகன் காரைச் சாலையிலேயே நிறுத்துகிறான்.

தாய்ச்செடி இப்போதும் ஆண்டுதோறும் பூக்கிறது. சன்னல் பக்கம் முழுவதும் ஆழ்ந்த நீலம். சுவர்ப் பக்கம் போன மூன்று நான்கு தண்டுகள் மட்டும் இன்றும் இளஞ்சிவப்பாகவே பூக்கின்றன. அந்த வேர்கள் சுவரின் அடிக்குச் சென்று சிமென்ட்டைத் தொட்டிருக்க வேண்டும். அங்கேயும் தோண்டிப் படிகாரம் ஊற்றட்டுமா என்று என் மகன் கேட்டான். வேண்டாம் என்றேன்.